ஏழாம் படிக்கு ஒரு பயனாளி

சேரன்மகாதேவியில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு படித்துறை. இருபத்தொரு படி. அதில் ஏழாவது படி உடைந்திருந்தது. உடைந்திருந்தது என்றால் விரிசல் கீறல் அல்ல. ஒரு ஆட்டுக்குட்டி படுத்துக்கொள்ளும் அளவுக்கு அங்கே கல்லே கிடையாது. தெருக்காரர்களுக்கு அது பழகிப்போயிற்று. ஆறாம் படியிலிருந்து எட்டாம் படிக்குக் கால் தானாகத் தாவும். திருநெல்வேலிக்குத் துணி எடுக்கப் போனால் அங்கே கடையின் மாடிப்படியிலும் ஏழாவதைத் தாண்டித்தான் ஏறுவோம். ஒரு கடையில் இதைக் கவனித்த சிப்பந்தி, "சேரன்மாதேவியா? வாங்க, உக்காருங்க" என்று ஊர் பெயரைச் சொல்லியே வரவேற்றான்.

சபீதாவுக்கு மட்டும் ஒரு நாள் கால் தாவ மறந்துவிட்டது. தலையில் துவைத்த துணி மூட்டை. கணுக்கால் முறிந்து மூன்று மாதம் படுக்கை. அதற்குப் பிறகும் நடையில் ஒரு சாய்வு நின்றுவிட்டது. அவர் கணவர் தாவூது அப்போதுதான் சவூதியில், தம்மாமில், பத்தொன்பது வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். நீண்ட காலம் வெளியே இருந்த மனிதர். மனு கொடுத்தால் வேலை நடக்கும் என்று நினைத்தார். ‘ஏழாம் படியைச் சரிசெய்து தரவும்’ என்று நாலு வரி எழுதி அனுப்பினார். அதை வாங்கிக்கொள்ள ஒரு வாரியமும் இருந்தது.

தாமிரபரணிப் படித்துறைகள் பாதுகாப்பு, மேம்பாடு மற்றும் பெருமை மீட்பு வாரியம். தலைவர், முன்னாள் மந்திரி அப்பாத்துரை.

அப்பாத்துரையின் பொதுவாழ்வு ஒரு மைக்கில் தொடங்கியது. இளவயதில் தேரோட்டத்தின்போது காணாமல் போனவர்களின் பெயரை அறிவிக்கிற வேலை அவருக்கு. அவர் பெயர் சொல்கிற அழகில் மயங்கி, காணாமல் போகாதவர்கள்கூட மைக் செட்டுப் பக்கம் வந்து நின்று தங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஒரு கட்சிக்காரர் இதைப் பார்த்து அவரை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

நம்முடைய கூட்டங்களின் முறை எல்லாரும் அறிந்ததுதான். பேச வருகிறவர் முதலில் மேடையில் இருக்கிற ஒவ்வொருவரையும் பட்டம், பதவி, பெயர் சொல்லி ‘அவர்களே’ என்று அழைக்கவேண்டும். விஷயம் அதற்குப் பிறகு. விஷயத்தை விட்டுவிட்டால் யாரும் கேட்பதில்லை. பெயரை விட்டால் கட்சி உடையும். அப்பாத்துரை தொண்ணூறு பெயரைத் தாள் பார்க்காமல் சொல்வார். கவுன்சிலர் ஆனார், ஒன்றியத் தலைவர் ஆனார், சட்டமன்ற உறுப்பினர் ஆனார். மூன்று கட்சியில் இருந்தார். மூன்றிலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான், தலைப்பு மட்டும் மாறும். சட்டமன்றத்தில் ஐந்து வருஷத்தில் ஒரு தடவை எழுந்து பேசினார். ‘அவர்களே’ முடிவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. யார் மனமும் புண்படாத ஒரே பேச்சு என்று அதற்குப் பெயர் வந்து, அடுத்த மாதம் மந்திரியானார்.

மந்திரியாகிப் பதினோராம் மாதம் மணிமுத்தாறு அணைப் பக்கம் ஒரு விழா. இருநூற்றுப் பன்னிரண்டு பேரைச் சொன்னார். அவரோடு ஒரே சோபாவில் தொடை இடிக்க உட்கார்ந்திருந்த சத்தியநேசனைச் சொல்ல விட்டுப்போயிற்று. சத்தியநேசன் மாவட்டத்தில் பெரிய புள்ளி. தான் ஒரு பதவியும் வகிக்காதவர். மற்றவர்களை வகிக்க விடுகிறவர். அவர் எழுந்தார், தோளில் கிடந்த பொன்னாடையை நாலாக மடித்துச் சோபாவில் வைத்தார், இறங்கிப் போனார். மூன்றாம் நாள் அப்பாத்துரையின் மந்திரிப் பதவியையும் அதே மாதிரி மடித்துவிட்டார்கள்.

ஆனால் காரில் கொடி கட்டுகிற கம்பி இருந்தது. வெறுங்கம்பியோடு ஒரு கார் ஓடுவதை மக்கள் தாங்கமாட்டார்கள் என்று அரசாங்கத்துக்குத் தோன்றி, அவருக்காக வாரியத்தை உண்டாக்கியது. ஈரம் கோப்புகளுக்கு ஆகாது என்பதால் அலுவலகம் ஆற்றிலிருந்து நாலு மைல் தள்ளி அமைந்தது.

அன்று முதல் அப்பாத்துரை ஒரு நோன்பு மாதிரி கடைப்பிடித்தார். மேடையில் காலை வைத்த எவர் பெயரையும் விடுவதில்லை. பேச்சின் நடுவில் புதிதாக ஒருவர் ஏறினால், அவரை இடையில் செருகினால் முன்பின் தகராறு வரும் என்று, பட்டியலை முதலிலிருந்து தொடங்குவார். எந்த விழாவிலும் சத்தியநேசனுக்கு ஒரு நாற்காலி உண்டு. முதல் பொன்னாடை அந்த நாற்காலிக்கு. அந்தப் பெயர் வரும்போது அப்பாத்துரை திரும்பி, நாற்காலியைப் பார்த்துக் கைகூப்பி, கண்ணை மூடி, அரை நிமிஷம் பேசாமல் நிற்பார். ஏழு வருஷமாகச் சத்தியநேசன் வரவில்லை. நாற்காலி தவறாமல் வந்துகொண்டிருந்தது.

போன வருஷம் அரசாங்கம் எல்லா வாரியங்களுக்கும் ஒரு கடிதம் போட்டது. இதுவரை யாருக்காவது பயன் உண்டா? இல்லையென்றால் இந்த மாதக் கடைசிக்குப் பிறகு அந்த வாரியம் சீமைக்கருவேல் ஒழிப்பு வாரியத்தோடு சேர்க்கப்படும். வாரியத்தின் உறுப்பினர் செயலர் வைத்தி, அலமாரி அலமாரியாகத் தேடி, தாவூதின் மனுவைக் கண்டுபிடித்தார். மறுநாளே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்.

"நீங்கதான் தாவூதா? உங்களை ஆறு வருஷமா பத்திரமா வச்சிண்டிருக்கோம்."

"என்னையா சார்?"

"உங்க மனுவை. எங்களுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

"அப்பம் படியைச் சரி பண்ணப் போறீங்களா?"

"அடிக்கல் நாட்டப் போறோம். இந்த மாசம் கடைசி நாள், ஞாயித்துக்கிழமை, காலம்பற ஒம்பது மணிக்கு. நீங்கதான் பயனாளி. மேடையில உக்காரணும்."

தாவூது யோசித்தார். "சார், கல்லுதான் இல்ல. நீங்க நாட்டப்போறதும் கல்லு. அதையே அங்கன வச்சுட்டா சோலி முடிஞ்சுருமே."

வைத்தி பொறுமையாகச் சிரித்தார். "இது அடிக்கல். உங்களுக்கு வேண்டியது படிக்கல். ரெண்டும் வேற வேற செக்‌ஷன்."

தாவூதுக்கு இன்னொரு சங்கடம். அதே ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவர் மகள் ஸமீஹாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை அலி அஸ்கர், மேலப்பாளையம், வேலை தம்மாமில். பதினைந்து நாள் லீவில் வந்தவரைக் கம்பெனி எட்டாம் நாளே கூப்பிட்டுவிட்டது. ஞாயிறு ராத்திரி திருவனந்தபுரத்தில் விமானம். சாயங்காலம் நாலு மணிக்குக் கார் ஏறியாகவேண்டும். அதற்குள் நிக்காஹ் முடிந்து கையெழுத்து ஆனால்தான் அந்தச் சான்றிதழைக் காட்டி ஸமீஹாவுக்கு விசா கேட்க முடியும். இல்லையென்றால் அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து.

"ஒம்பது மணிக்கு ஆரம்பம்" என்றார் வைத்தி. "பயனாளிக்கு ஒரு நிமிஷம். நீங்க வரலைன்னா மனு முடிச்சு வச்சதா ஆயிடும். அப்பறம் அந்தப் படிக்கு நாதி கிடையாது."

உள்ளேயிருந்து சபீதா சொன்னார். "போய்ட்டு வாங்க. கல்யாண மண்டபம் இதே தெருவுல, முந்நூறு எட்டு வச்சா வந்துரும். ஆறு வருஷமா தாண்டிக்கிட்டே கெடக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே தாவூது புது வேட்டி, வெள்ளைச் சட்டை, தொப்பி, அத்தர் மணத்தோடு படித்துறைக்கு வந்துவிட்டார். நானும் போயிருந்தேன். நாற்காலி போட்டிருந்தார்கள், வீட்டில் அன்று உட்கார இடமில்லை.

மேடையைப் படித்துறையின் மேலேயே கட்டியிருந்தார்கள். பின்பக்கம் ஆறு. இரண்டு பக்கமும் தட்டி. முன்னால் ஒரே ஒரு ஏணி. ஏணியின் தலைமாட்டில் பேச்சிராஜ் நின்றார். வாரியத்தின் பொன்னாடைப் பொறுப்பாளர். அவர் பக்கத்தில் பொன்னாடை மூட்டை ஆளுயரத்துக்கு இருந்தது. மேடையில் யார் ஏறினாலும் போர்த்திவிடுவார். ஏறுகிறவர்களின் செல்போனை ஒரு நீல வாளியில் வாங்கிப் போட்டுக்கொள்வார். பெயர் சொல்லும்போது மணி அடித்து ஒரு பெயர் விழுங்கப்பட்டால் யார் பதில் சொல்வது?

தாவூதின் போனும் வாளிக்குப் போயிற்று. அவரை நடுநாற்காலியில் உட்கார்த்தினார்கள். அவருக்கு வலப்பக்கம் சத்தியநேசனின் நாற்காலி, பொன்னாடை போர்த்தி, காலியாக.

பத்தேகாலுக்கு அப்பாத்துரை மைக்கைப் பிடித்தார். அப்போது மேடையில் இருபத்துமூன்று பேர். பதினேழாவது பெயரைச் சொல்லும்போது வீரவநல்லூரிலிருந்து ஒரு கிளைச் செயலாளர் ஏணியில் ஏறினார். பேச்சிராஜ் போர்த்தினார். அப்பாத்துரை தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அடுத்த தடவை பத்தொன்பதாவது பெயரில் ஒரு முன்னாள் கவுன்சிலர். அதற்கடுத்த தடவை அவருடைய மைத்துனர்.

பதினொன்றரைக்கு ஒரு தடவை பட்டியல் முழுசாக முடிந்தது. சத்தியநேசனுக்கு அரை நிமிஷ மௌனமும் ஆயிற்று. தாவூது நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பாத்துரை விஷயத்துக்கு வந்தார்.

"இந்தப் படித்துறையிலே ஏழாம் படி உடைஞ்சு கெடக்குன்னு எதிர்க்கட்சிக்காரங்க சொல்லுதாங்க. நான் கேக்கேன், மிச்ச இருபது படியும் உடையாம இருக்கே, அதுக்கு யாரு காரணம்? வாரியம் ஏற்பட்டு ஏழு வருஷத்திலே தாமிரபரணியிலே ஒரு படியை யாராவது தொட்டான்னு சொல்லமுடியுமா? தொடவிட்டிருப்பேனா? நான் மந்திரியா இருந்தவன். எனக்குப் பதவி பெரிசில்ல. பதவி இல்லாம இருந்து பாத்தேன், மூணு நாள். அந்த மூணு நாளும் மக்கள் என்ன பாடு பட்டாங்கன்னு எனக்குத் தெரியும்."

ஜனங்கள் கைதட்டினார்கள். தட்டல் சத்தத்தில் உற்சாகமாகி, கீழே நின்றிருந்த கட்சிக்காரர் இருவர் மேடை ஏறிவிட்டார்கள். அப்பாத்துரை முதலிலிருந்து தொடங்கினார்.

தாவூது பக்கத்தில் குனிந்து, "வைத்தி சார், என் மகளுக்கு நிக்காஹ். நான் பைய எறங்கிக்கிடுதேன்" என்றார்.

வைத்தி பதறிவிட்டார். "ஓய், பயனாளி இல்லாம பயனாளி விழாவா? நீங்க கையெழுத்துப் போட்டிருக்கேள், விழா முடியற வரைக்கும் மேடையில இருந்தேன்னு."

"நான் எப்பம் போட்டேன்?"

"ஏறறச்சே போட்டேளே. வருகைப் பதிவுன்னு நெனச்சேளா?"

தாவூது எழுந்து நின்றுதான் பார்த்தார். எழுந்த மாத்திரத்தில், "பயனாளி உணர்ச்சிவசப்பட்டு எழுந்து நிற்கிறார்" என்று மைக்கில் அறிவித்த அப்பாத்துரை, வந்து கட்டிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். பேச்சிராஜ் இரண்டாவது பொன்னாடை போர்த்தினார். தாவூது உட்கார்ந்துவிட்டார். பின்பக்கமாக ஆற்றில் குதித்துப் போகலாமா என்று ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தார். குதித்தால் நேரே ஏழாம் படியில்தான் காலை வைக்கவேண்டும்.

பன்னிரண்டுக்கு மண்டபத்திலிருந்து ரசீத் வந்தார். ரசீத் சபீதாவின் தம்பி. கீழே நின்று கையை ஆட்டிப் பார்த்தார். பிறகு ஏணியில் ஏறி, "மச்சான், மாப்ள வீட்டுக்காரங்க வந்து ஒரு மணி நேரமாச்சு" என்று சொல்ல வாயெடுத்தார். "மச்" வரைதான் சொன்னார். அதற்குள் போன் வாளியில், பொன்னாடை தோளில், ஆள் நாற்காலியில்.

"என்னய்யா இது" என்றார் ரசீத்.

"ஏறிட்டா போத்தணும் அண்ணாச்சி" என்றார் பேச்சிராஜ். "போத்திட்டா எறங்கப்படாது. எறங்குனா தலைவரை அவமானப்படுத்துனதா ஆயிரும். மணிமுத்தாத்துல அப்பிடித்தான் ஆச்சு."

"நான் இவரைக் கூப்பிட வந்த ஆளுவே."

"எல்லாரும் அப்பிடித்தான் வந்தாங்க. அந்தா மூணாவது வரிசையில ஒருத்தரு இருக்காரே, ஆழ்வார்குறிச்சிக்காரரு. போன மாசம் விழாவுல தம்பியைக் கூப்பிட வந்தாரு. அன்னிலேருந்து எல்லா விழாவுக்கும் வாராரு. வாரியத்துல உறுப்பினராவே ஆக்கிட்டோம்."

அப்பாத்துரை முதலிலிருந்து தொடங்கினார். இப்போது பட்டியலில் ‘பயனாளியின் உறவினர் ரசீத் அவர்களே’ சேர்ந்துவிட்டது.

ஒரு மணிக்கு ரசீதைக் கூப்பிடப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாரை அனுப்பினார்கள். அவர் வயதானவர், கண்டிப்பானவர், திரும்பி வந்துவிடுவார் என்று நம்பிக்கை. ‘ஆன்மிகப் பெரியவர் அவர்களே’ என்று அவரும் நாற்காலியில் அமர்ந்தார். அன்றைக்கு மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு வேறு ஆள் சொன்னார். மேடையில் உட்கார்ந்தபடியே மோதினார் அதைக் கேட்டு, ராகத்தில் ஒரு குறை கண்டு முனகினார். ஒன்றரைக்கு மாப்பிள்ளையின் தகப்பனார் கோபமாக வந்து ஏறினார். அவர் கோபத்தின் மேலேயே பொன்னாடை விழுந்தது.

நேரம் போயிற்று. காலையில் மொட்டாகக் கட்டிய மாலைகள் மலர்ந்து, உதிர்ந்து, நார் மட்டும் கழுத்தில் கிடந்தது. மேடைக்கு அடியில் ஒதுங்கிய ஒரு நாய் நாலு குட்டி போட்டது. விழா முடிவதற்குள் குட்டிகள் எல்லாம் கண் திறந்துவிட்டன என்று ஊரில் பேசிக்கொள்வது மிகை. நான் குனிந்து பார்த்தபோது இரண்டுதான் திறந்திருந்தது.

கல்யாண மண்டபத்தின் மாடி ஜன்னலிலிருந்து ஸமீஹா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் படித்த பெண். கீழே சபீதா அழுகிற குரல் கேட்டது. "நாந்தான் போகச் சொன்னேன். ஒரு படிக்காகப் பிள்ளை வாழ்க்கை போச்சே." பிரியாணிச் சட்டியைத் திறப்பதா வேண்டாமா என்று சமையல்காரர் மூன்றாம் தடவையாகக் கேட்டு அனுப்பியிருந்தார். மணி இரண்டே முக்கால். இன்னொரு மாமா தாவூதைக் கூப்பிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

ஸமீஹா கீழே இறங்கி வந்தாள். "மாமா, செருப்பைக் கழத்துங்க. போனவங்க யாரும் வரல்ல. இனிமே யாரையும் கூப்பிடப் போவாண்டாம்." பிறகு நிக்காஹ் பதிவேடான தப்தரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இமாமிடம் திரும்பினாள். "அசரத், நிக்காஹுக்கு யாரு யாரு வேணும்?"

"வலி வேணும்மா, பொண்ணைக் கட்டிக்கொடுக்குற பொறுப்பாளி. உன் வாப்பா."

"அங்கன இருக்காக."

"சாட்சி ரெண்டு பேரு."

"ரசீத் மாமா, மோதினார். அங்கனதான் இருக்காக."

"மாப்பிள்ளை, நான், இந்தத் தப்தரு... நாங்க இங்கன இருக்கோம்."

"அதுதான் அசரத் தப்பு" என்றாள் ஸமீஹா.

இமாம் தப்தரைத் திறந்து அவள் சம்மதத்தைக் கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தார். அலி அஸ்கர் தயங்கினார். "ஏறுனா எறங்கமுடியாதுங்காங்களே. நாலு மணிக்குக் கார்."

"எறங்குறதைப் பெறகு பாப்போம். மொதல்ல ஏறுங்க" என்றாள் ஸமீஹா. மாப்பிள்ளையோடு அவள் நேரடியாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

மூன்று மணிக்கு இமாமும் மாப்பிள்ளையும் ஏணியில் ஏறினார்கள். பேச்சிராஜ் கையிலே அப்போது ஒரே ஒரு பொன்னாடைதான் மிச்சம். அதை இமாமுக்குப் போர்த்திவிட்டு, மாப்பிள்ளைக்கு எடுத்துவர ஆள் அனுப்பினார். இமாம் மோதினாரின் நாற்காலியில் பாதி இடம் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை மாமனார் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து, அதில் உட்கார்ந்தார். நாற்காலியில் ஏற்கெனவே ஒரு பொன்னாடை கிடந்தது. தமக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

சத்தியநேசனின் நாற்காலியில் ஒரு ஆள். வைத்தியின் பேனா கீழே விழுந்தது. அப்பாத்துரை ஜனங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. யாரோ இரண்டு பேர் ஏறிய சத்தம் கேட்டு, வழக்கம்போல முதலிலிருந்து தொடங்கினார்.

"சத்தியநேசன் அண்ணாச்சி பேரு எத்தனாவது?" என்று மெதுவாகக் கேட்டார் இமாம்.

"நாப்பத்தொண்ணு" என்றார் தாவூது. அவருக்கு அதற்குள் பட்டியல் முழுக்க மனப்பாடம். "அங்கனதான் அரை நிமிசம் கெடைக்கும்."

அரை நிமிஷம் போதுமா என்று இமாம் யோசித்தார். நிக்காஹுக்கு முன்னால் ஓதுகிற குத்பாவை முன்கூட்டியே, ஒன்றிலிருந்து நாற்பதாவது பெயர் வரைக்குள், வாய்க்குள் ஓதி முடித்துவிட்டார். தாவூதின் கையும் அலி அஸ்கரின் கையும் பொன்னாடைக்கு அடியில் கோத்துக்கொண்டன. ரசீதும் மோதினாரும் நாற்காலியை நெருக்கிப் போட்டார்கள்.

"மாவட்டத்தின் மனச்சாட்சி, மாசற்ற தங்கம், சத்தியநேசன் அண்ணாச்சி அவர்களே" என்று சொல்லி, அப்பாத்துரை திரும்பிக் கைகூப்பினார். கண்ணை மூடப்போனவர் மூடவில்லை.

அவர் மூக்கில் இருந்தது படிக்கிற கண்ணாடி. தூரத்தில் இருப்பதெல்லாம் அதில் புகைதான். நாற்காலியில் ஆள் இருக்கிறது, தோளில் பொன்னாடை இருக்கிறது. ஏழு வருஷம் வெறும் நாற்காலியைக் கும்பிட்ட மனிதர். கண்ணாடியைக் கழற்றாமலே கண்ணீர் விட்டார். அரை நிமிஷம் ஒரு நிமிஷமாயிற்று. ஒரு நிமிஷம் மூன்றாயிற்று. ஆற்றுச் சத்தமும் நாய்க்குட்டிகளின் முனகலும் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அமைதியில் தாவூது தெளிவாகச் சொன்னார், தம் மகள் ஸமீஹாவை, பேசிய மஹர் தொகைக்கு, நிக்காஹ் செய்து கொடுத்ததாக. அலி அஸ்கர் "கபூல்" என்று ஏற்றுக்கொண்டார். சாட்சிகள் கேட்டார்கள். தப்தரில் நாலு கையெழுத்து விழுந்தது. இமாம் ஒரு சின்ன துஆ ஓத, முன்வரிசையில் இருந்த நாங்கள் ஆமீன் சொன்னோம். பின்வரிசைக்காரர்கள் கைதட்டினார்கள்.

கைதட்டலில் அப்பாத்துரை சுயநினைவுக்கு வந்தார். நேரே நாற்காலிக்குப் போய் மாப்பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, ரொம்ப மெலிஞ்சுட்டீங்களே."

"ரெண்டு வருசமா மெஸ் சாப்பாடுங்க" என்றார் அலி அஸ்கர்.

அப்பாத்துரை அதைக் காதில் வாங்கவில்லை. மைக்குக்கு ஓடினார். "ஏழு வருஷத்துக்குப் பிறகு அண்ணாச்சி நம்ம மேடைக்கு வந்துட்டாங்க. இனிமே யாரும் வரவேண்டியது பாக்கியில்ல. பட்டியல் பூர்த்தியாயிட்டு." அது அண்ணாச்சி இல்லை என்று சொல்லக்கூடிய ஐம்பத்திரண்டு பேர் மேடையில் இருந்தார்கள். ஐம்பத்திரண்டு பேரும் வைத்தியைப் பார்த்தார்கள். வைத்தி பேனாவைப் பொறுக்கி, குறிப்பேட்டில் ‘சத்தியநேசன் வருகை தந்து சிறப்பித்தார்’ என்று எழுதினார்.

அப்பாத்துரையின் பொதுவாழ்வில் முதல்முறையாக ‘நன்றி, வணக்கம்’ என்ற சொற்கள் அவர் வாயிலிருந்து வந்தன. அடிக்கல்லின் திரையை இழுத்தார். மணி மூன்றே முக்கால். பேச்சிராஜ் ஏணியை விட்டு விலகினார். தாவூது இறங்கி ஓடினார் என்று சொல்லக்கூடாது. ஒன்பது பொன்னாடையோடு ஓட முடியாது. மண்டபத்து வாசலில் நின்றிருந்த சபீதாவிடம், "முடிஞ்சுட்டு" என்றார். "எது, படியா?" என்று கேட்டார் சபீதா. நாலு மணிக்குக் கார் கிளம்பியது. மாப்பிள்ளை மடியில் ஒரு பொட்டலம் பிரியாணி, தோளில் சத்தியநேசனின் பொன்னாடை.

மறுநாள் சத்தியநேசன் தாம் விழாவுக்குப் போய் அப்பாத்துரையை மன்னித்துவிட்ட செய்தியைப் பேப்பரில் படித்தார். மறுத்து அறிக்கை விடத்தான் நினைத்தார். அதற்குள் அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டி நாற்பது ஊரில் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். பெருந்தன்மையை யாரால் மறுக்க முடியும்? வாரியம் பிழைத்தது. சீமைக்கருவேல் ஒழிப்பு வாரியத்தைக் கொண்டுவந்து இதோடு சேர்த்தார்கள். இப்போது அப்பாத்துரையின் காரில் கொடிக்கம்பி இரண்டு.

மேடையைப் பிரித்தவர்கள் அடிக்கல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல், சாயாமல் இருக்கட்டும் என்று ஏழாம் படியின் பள்ளத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அளவெடுத்துச் செதுக்கியது மாதிரி அது அங்கே உட்கார்ந்துவிட்டது. அடுத்த வாரம் வைத்தி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். சபீதா அதன்மேல் நின்று வேட்டி அலசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது அடிக்கல். இதை மிதிக்கப்படாது."

"இல்லாத கல்லுல கால வச்சுத்தான் சார் என் கால் போச்சு. இப்பம் இருக்க கல்லுல வைக்கேன்."

தாவூது வந்தார். "சார், படி சரியாயிட்டு. எழுதித் தாரேன். மனுவை முடிச்சிருங்க."

வைத்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முடிச்சுட்டா எங்களுக்கு யாரு இருக்கா, சொல்லுங்கோ. கோப்புல படி உடைஞ்சுதான் இருக்கு. பழுதுபார்ப்புத் தொடக்க விழா இருக்கு, நிறைவு விழா இருக்கு, ஆண்டு விழா இருக்கு. ஒரு கையெழுத்துதானே." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ‘ஏழாம் படி இன்றுவரை உடைந்த நிலையிலேயே உள்ளது’ என்று அதில் அச்சாகியிருந்தது. தாவூது ஏழாம் படியில் உட்கார்ந்து, தொடையில் தாளை வைத்து, கையெழுத்துப் போட்டார். வேறென்ன செய்ய? அன்று ஏறும்போது போட்ட கையெழுத்தில் ‘அழைக்கும்போதெல்லாம் வருவேன்’ என்று ஒரு வரி இருந்ததாம்.

இப்போது மாதக் கடைசி ஞாயிறுகளில் அவர் மேடையில்தான். தூக்குவாளியில் சாப்பாடும் முதுகுக்கு ஒரு தலையணையும் கொண்டுபோகிறார். அழைப்பிதழ் தம்மாமுக்கும் போகிறது. மருமகன் இரண்டாம் பயனாளி. அவரோடு இருக்கப் போய்விட்ட ஸமீஹா அதற்கு ஒவ்வொரு தடவையும் பதில் எழுதுகிறாளாம், மேடையிலிருந்து இறங்க ஏணி இருந்தால் வருகிறோம் என்று.

சபீதா ஏழாம் படியில்தான் துவைக்கிறார். கல்லின் இடப்பக்கம் அடித்துத் துவைக்க வாகு. மேலே தலைவர் பெயரில் தொடங்கி நாற்பத்தாறு பெயர் வெட்டியிருந்தார்கள். போன வாரம் குளிக்கப் போனபோது உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். பெயரெல்லாம் இடப்பக்கம், சோப்பிலும் துணியிலும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. வலது ஓரத்தில் மட்டும் எழுத்து அப்படியே இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை, ஒன்றன்கீழ் ஒன்றாக, அவர்கள், அவர்கள், அவர்கள், அவர்கள்.